அம்மா கப்பல் ஓட்டுகிறார்

கிருஷ்ணம்மாவின் வலது கை ஒரே சீராக எழுதிக்கொண்டு போனது; தாள் நகராமல் இடது கை அழுத்திப் பிடித்திருந்தது. ‘புஷ்பவதி கப்பல் ஓட்டுகிறார். தினமும் அதிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போவார்.’ அதன் கீழே நான்கு கேள்விகள்.

வாசித்து முடித்த தர்ஷிகா தாளைத் தள்ளினாள்.

“இது பொய் டீச்சர். எங்கம்மா கொழுந்து எடுக்கிறவங்க. கடலை டீவியிலதான் பாத்திருக்காங்க.”

“உங்கம்மாவைப் பத்தி நான் கேக்கல. தாள்ல என்ன இருக்கு? எத்தனை மணிக்குப் போறாங்க?”

“ஏழு மணிக்கு.”

கிருஷ்ணம்மா பேனாவைக் கீழே வைத்தாள். இலங்கையில் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பகல் முழுக்கப் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. பழைய வினாத்தாள்களைத் தானே எழுதிப் பார்த்துத்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழகினாள். தர்ஷிகா தடுமாறாமல் வாசிப்பாள். ஆனால் தெரிந்த விஷயம் வந்துவிட்டால் தாளை மறந்து, வீட்டில் நடப்பதை எழுதிவிடுவாள். மறுநாள் டவுன் பள்ளிக்கூடத்தில் வாசிப்புச் சோதனை. தேறினால்தான் அங்கே புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பில் இடம். தோட்டத்துப் பள்ளியில் அந்த வகுப்பே கிடையாது.

“விரலை வரியில வை. விரல் எங்க நிக்குதோ, அதுதான் பதில். மறுபடியும் வாசி.”

மறுநாள் கிருஷ்ணம்மாவும் தர்ஷிகாவின் அம்மா புஷ்பவதியும் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே ஆசிரியை தலைப்பை உரக்க வாசித்தார். ‘தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலை.’

“நல்லதாப் போச்சு டீச்சர், நம்ம கதையே வந்துருச்சு!” என்றாள் புஷ்பவதி.

“அதுதாங்க பயமா இருக்கு.”

ஆசிரியை தொடர்ந்தார்: ‘தொழிலாளர்கள் ஐந்து மணிக்கே மலைக்குச் சென்று கொழுந்து பறிப்பார்கள்.’

“அஞ்சு மணிக்கா? அந்த இருட்டுல அட்டைக்கடி வாங்கவா போறது?”

“மெதுவா பேசுங்க, அவ காதுல விழுந்துறப் போகுது.”

தர்ஷிகா மளமளவென்று எழுதினாள். மூன்றாவது கேள்விக்கு ஏதோ எழுதிவிட்டு நின்றாள். தலையைத் தூக்கி ஜன்னலில் அம்மாவைத் தேடினாள். கிருஷ்ணம்மா புஷ்பவதியின் கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்தாள்.

“பிள்ளை என்னையப் பாக்குது டீச்சர்!”

“பாக்கக் கூடாது. தாளைத்தான் பாக்கணும்.”

கிருஷ்ணம்மா மட்டும் ஓரமாக எட்டிப் பார்த்தாள். தர்ஷிகாவின் பென்சில் இன்னும் அசையவில்லை. பிறகு ஒரு விரல் தாளில் இறங்கி, வரி வரியாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது. தர்ஷிகா அழிறப்பரை எடுத்தாள். எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினாள்.

மணி அடித்ததும் எழுந்து ஆசிரியையின் மேசைக்குப் போனாள்.

“இதுல அஞ்சு மணின்னு இருக்கிறது பொய் டீச்சர். ஆனா நான் அப்படியேதான் எழுதியிருக்கேன்” என்று சொல்லி, இரண்டு கையாலும் தாளைக் கொடுத்தாள்.