முத்துமாரி டோக்கன் கொடுப்பதில்லை

சங்கரன்கோவிலில் கோவில் வாசலுக்குப் பக்கத்தில் செருப்பு பார்த்துக்கொள்ளும் முத்துமாரியம்மாளுக்கு வயது அறுபத்தாறு. பதினோரு வருடமாக அவள் யாருக்கும் டோக்கன் கொடுத்ததில்லை. முகத்தை ஒரு தரம் பார்ப்பாள், செருப்பை ஒரு தரம் பார்ப்பாள், அவ்வளவுதான். சாமி கும்பிட்டு வருபவர் வாயைத் திறக்குமுன் அவருடைய ஜோடி காலடிக்கு வந்துவிடும். அந்தச் செருப்புக் கடையைக் குத்தகைக்கு எடுத்திருந்த வேல்ராஜ் டோக்கன் வாங்கி வந்தபோதுகூட, "அதக் கொண்டுபோயி ஆணியில மாட்டும் வே" என்று விரட்டிவிட்டாள்.

அப்படிப்பட்டவளைக் கெடுத்தது ஓர் இலவச மருத்துவ முகாம். அங்கே சோதித்துப் பார்த்த பெண் நல்லவள்தான். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வயசானா மறதி வரத்தான் செய்யும் ஆச்சி, பயப்படாதீங்க" என்றாள். பிறகு ஐந்து வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிக் கேட்டாள். பயப்படாதே என்று சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? முத்துமாரிக்கு இரண்டுக்கு மேல் வரவில்லை. கூடப் போன மகள் ஜெயசித்ராவின் முகம் சுருங்கிப்போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் எது காணாமல் போனாலும், "அம்மாவுக்கு மறதில்லா" என்று ஆகிவிட்டது. நல்லா இருக்கு நியாயம்!

அந்தப் பேச்சு வேலைக்கும் கூடவே வந்தது. முன்பெல்லாம் கை தானாகப் போகும். இப்போது கை நீளும்போதே மனசு, 'இதுதானா? நல்லாப் பாரு' என்று பிடித்து இழுத்தது. ஒரே வாரத்தில் மூன்று ஜோடி மாறிப் போயிற்று.

"யக்கா, இன்னொண்ணு மாறுச்சுன்னா வேற ஆளத்தான் போடணும். தப்பா நெனைக்காதீக" என்றார் வேல்ராஜ்.

மகளுக்கு அது சம்மதம்தான். ஆனால் முத்துமாரிக்கு? புருஷன் போனபிறகு நாலு பேர் முகம் பார்த்துச் சிரிக்கிற இடம் இது ஒன்றுதான். இதுவும் போனால் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நினைக்கவே அழுகை முட்டியது.

வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். ஜெயசித்ரா சோறு கொண்டுவந்து நின்ற நேரம், நாற்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மனைவியோடு வெளியே வந்தார். முத்துமாரி ஒரு கறுப்புச் செருப்பை எடுத்துப் போட்டாள்.

"இது என்னோடது இல்ல. என்னோடது பழுப்பு."

வேல்ராஜ் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த முத்துமாரி, வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தை இன்னொரு தரம் பார்த்தாள். இதே முகம்தான், இதே கறுப்புச் செருப்புதான்.

"நீங்க போட்டுட்டு வந்தது இதுதான் அண்ணாச்சி."

"என் செருப்பு எனக்குத் தெரியாதா?"

"விட்டுரும்மா" என்று மகள் கையைப் பிடித்தாள்.

"தெரியலன்னுதான் சொல்லுதேன்" என்றாள் முத்துமாரி.

அப்போதுதான் அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, காலைல அவசரத்துல எங்க அண்ணன் செருப்பத்தானே மாட்டிட்டு வந்தீக!"

"அட, மறந்தே போச்சு" என்று அவர் அசடு வழிந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"வேலை டென்ஷனு அண்ணாச்சி, யாருக்கும் வாரதுதான்" என்று வேல்ராஜ் அவரைச் சமாதானப்படுத்தினார்.

முத்துமாரி மட்டும் சிரிக்கவில்லை.

"அவருக்கு நாப்பது வயசு, மறந்தா டென்ஷன். நான் மறந்தா மட்டும் வயசா வே?"

ஜெயசித்ரா அம்மாவின் கையை மெதுவாக விட்டாள்.