கையால் பொறுக்கிய உள்ளான்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் அந்த வருடம் தண்ணீர் கிடந்தது. காலையில் அந்தப் பக்கம் போன என் கணவர், வேட்டி மடி நிறைய உள்ளான் குருவிகளோடு வந்தார். மழை ஓய்ந்ததும் எங்கிருந்தோ வந்து, தண்ணீர் ஓரம் சகதியைக் கொத்திக்கொண்டே ஓடுமே, அந்தக் குருவிகள். கறி எடுத்து நாளாகியிருந்த வீடு. எனக்கு வாயெல்லாம் பல்.

பாதியை என் கொழுந்தன் வீட்டுக்குக் கொடுத்தேன். வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. இந்தச் சாக்கிலாவது சரியாகட்டும் என்று நினைத்தேன். கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, முகம் கோணாமல் வாங்கிக்கொண்டாள்.

எனக்குக் காட்டில் களையெடுப்பு இருந்ததால், எங்கள் பங்கை மதியம்தான் இறகு பறிக்க உட்கார்ந்தேன். அப்போது கழுத்தில் பைனாகுலர் தொங்க ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார். கல்லூரி வாத்தியாராம், பறவை பார்க்க பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறாராம். வேலைவெட்டி இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். செம்பை வாங்கியவர் குடிக்காமல் குருவிகளையே பார்த்தார்.

இவை வடதுருவத்தை ஒட்டிய தூந்திராவில் பிறந்தவை என்றார். அங்கே மரமே கிடையாதாம். தரையோடு தரையாகப் பாசியும் சின்னச் செடிகளும்தான். பனிமான்கள் அதை மேயும். கோடையில் மேல்மண் மட்டும் இளகும், அடியில் எப்போதும் கட்டிப்பனி. தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் எங்கும் சேறு, சேறெல்லாம் கொசு. அதைத் தின்று வளர்கிற குஞ்சுகள், தாய் தகப்பன் துணைகூட இல்லாமல் நம் கரிசல் வரை பறந்து வருமாம்.

“அப்ப வெளிநாட்டுக் கறின்னு சொல்லுங்க சார்” என்று பக்கத்தில் இருந்த என் கணவர் சிரித்தார்.

வாத்தியார் சிரிக்கவில்லை. “வலை போட்டியளா?”

“வலை எங்க? கரையோரம் தள்ளாடிக்கிட்டுக் கெடந்துச்சு. கையாலயே பொறுக்கினேன்.”

“அம்புட்டு தூரம் பறந்து வந்தது மனுஷன் கையில சும்மா சிக்குமா? பக்கத்துல மருந்து எதுவும் அடிச்சாவளா?”

இவர் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள்தான் கண்மாயை ஒட்டிய பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தவர்கள், டின்களை அந்தத் தண்ணீரிலேயே அலசிவிட்டுப் போயிருந்தார்கள்.

கொழுந்தன் வீட்டுக்கு ஓடினேன். அங்கே கறி வெந்து இறக்கியாகிவிட்டது. அவர்களுடைய நாலு வயது மகள் தட்டின் முன் உட்கார்ந்திருக்க, ஓரகத்தி கறியைப் பிய்த்து ஊதிக்கொண்டிருந்தாள். மருந்து தின்ற குருவி, கொடுக்காதே என்று கத்தினேன்.

“குடுத்ததத் திருப்பிக் கேக்க வந்திட்டியளாக்கும்? எம்பிள்ள திங்கது பொறுக்கலையோ?”

உட்கார்ந்து விளக்கம் சொல்லும் நேரமா அது? தட்டைப் பிடுங்கினேன். சட்டியையும் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். பிள்ளை வீறிட்டு அழுதாள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. வாத்தியாரைக் கூட்டிவந்து இவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். நாங்கள் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த ஆள் என்று கொழுந்தன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மறுநாள் கண்மாய்க் கரையில் இன்னும் பல உள்ளான்கள் செத்துக் கிடந்தன. பனியில் செத்திருக்கும் என்றாளாம் ஓரகத்தி. பனியிலேயே பிறந்த குருவிகள்! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்தக் கறியைத் தின்றிருந்தால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சில்லை. அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கும் எங்களுக்கு அழைப்பில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது, இடுப்பில் குழந்தையோடு என் வாசலைத் தாண்டுகையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு தடவை பெரியம்மா என்று கூப்பிட மாட்டாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அப்புறம், கண் முன்னால் நடந்து போகிறாளே, அது போதும் என்று தேற்றிக்கொள்வேன்.