நெல்லறைக் கதவு

எங்கள் கல்வீட்டில் இப்போது இரண்டு நாள் தங்க வேண்டுமென்றால், சாரல் மாதங்களில் வெகு முன்பே சொல்லிவைக்க வேண்டும். சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டு ஒரு மண்பாதையில் இறங்கினால், வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே அது தனியாக நிற்கும். வருகிறவர்கள் இரண்டடி கனமுள்ள கருங்கல் சுவரைத் தட்டிப் பார்த்து வியக்கிறார்கள். மட்டப்பா என்கிற மொட்டைமாடியில் ஏறி, மலையில் மேகம் இறங்குவதைப் படம் எடுக்கிறார்கள். ஒன்பது வயதில் நான் அங்கே ஒரு கதவைச் சாத்தினேன். அதைப் பற்றி வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

அப்பாவின் தாத்தா கட்டிய வீடு அது. குடும்பம் தென்காசி ஊருக்குள் இருந்தது. அறுவடை நாட்களில் மட்டும் எல்லோரும் கல்வீட்டுக்குப் போய், நெல் காய்ந்து அறைக்குள் சேர்கிற வரைக்கும் தங்குவார்களாம். என் தாத்தா காலமான பிறகு அந்தப் பழக்கம் நின்றுபோனது. வயலைக் குத்தகைக்கு விட்டார்கள். வீட்டைப் பூட்டினார்கள். சுவரின் இடுக்கில் அரசங்கன்று முளைத்துக் கல்லைப் பிளந்தது. மட்டப்பா ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே வௌவால் குடியிருந்தது.

வங்கி வேலையில் ஊர் ஊராக மாற்றலாகி அலைந்த அப்பா, தென்காசிக்கே திரும்பி வந்த வருஷம் அந்த வீட்டைச் சரிசெய்யப் போவதாகச் சொன்னார். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. ஊர் உலகத்தில் எல்லோரும் புது வீடு கட்ட, இந்த மனிதர் மட்டும் பழைய வீட்டைக் கட்டுகிறாரே என்பது அவள் ஆவலாதி. அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக்கொண்டு கல்வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

மதுரையிலிருந்து ஓர் என்ஜினீயர் வந்தார். இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். சிமெண்ட் மூட்டை எதுவும் உள்ளே வரக்கூடாது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்தார்கள். அந்தத் தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இற்றுப்போன உத்திரத்தை மட்டும் மாற்றினார்கள். கழன்று விழுந்த ஒவ்வொரு கல்லும் தன் பழைய இடத்துக்கே போனது.

ஆசாரி ஒருநாள் பழைய இரும்புக் குவியலைக் கிளறி ஒரு தாழ்ப்பாளை எடுத்தார். என் முழங்கை நீளம் இருந்தது. துருவேறிப் புற்றுமண் மாதிரி இருந்ததை அவர் ஒவ்வொரு கதவாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் நெல்லறைக் கதவின் வெளிப்பக்கத்தில் இருந்த நான்கு ஓட்டைகளில் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

அதைத் துடைக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கருநீலமாக இரும்பு வெளியே வந்ததும் ஆசாரி அதைக் கதவில் அடித்தார். ஒற்றை விரலால் தள்ளினாலும் ‘டக்’கென்று போய் விழுந்தது. அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

அப்பா அதைத் தொடவில்லை. “இது எங்கன கெடந்துச்சு?” என்று ஆசாரியிடம் கேட்டார்.

“இரும்புக் குப்பையிலதான் கெடந்துச்சு அண்ணாச்சி. ஓட்டை சரியா சேருது, பாருங்க. வேண்டாம்னா கழத்திருதேன்.”

பக்கத்தில் நின்ற என்ஜினீயர், பழைய சாமான் எதையும் கழற்றக்கூடாது என்றார். “சரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அப்பா கிணற்றுப் பக்கம் போய்விட்டார். ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்கு அன்றைக்கு முழுவதும் மனத்தாங்கல்.

ஆவணியில் பால் காய்ப்புக்கு நாள் குறித்தார்கள். புளியங்குடியில் இருக்கும் அத்தையை அழைக்க அப்பா நேரிலேயே போனார். அத்தை அப்பாவுக்கு ஐந்து வயது மூத்தவள். மாமாவுக்கு எலுமிச்சை கமிஷன் கடை. கலகலப்பான மனுஷி. தென்காசி வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள். ஆனால் கல்வீட்டுக்கு என்றால் ஏதாவது ஒன்று வந்துவிடும். காய் வரத்து அதிகம், கால் வலி, பேரனுக்குக் காய்ச்சல். இந்த முறை அப்பா அவள் வீட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்து, வருகிறேன் என்று சொல்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லையாம்.

வந்தாள். காரை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் வீட்டை நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். அப்பா, வரைந்த படத்தை டீச்சரிடம் காட்டுகிற பிள்ளை மாதிரி, ஒவ்வோர் இடமாகக் கூட்டிக்கொண்டு போனார். உத்திரத்தைக் காட்டினார். தரையைக் காட்டினார். “ஏலே, நல்லா வச்சிருக்க” என்று அத்தை ஒவ்வோர் இடத்திலும் சொன்னாள். நெல்லறை இருக்கும் மூலை வந்ததும் இருவரும் பேசிவைத்துக்கொண்டவர்கள் போலத் திரும்பிவிட்டார்கள். என் தாழ்ப்பாளை அத்தையிடம் காட்ட ஓடிவந்த நான் பாதியிலேயே நின்றேன்.

பால் பொங்கியது. ஆட்கள் நிறைந்தார்கள். பின்கட்டில் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தபோது தோப்புக்குள் குரங்குகள் வந்துவிட்டன. குற்றாலத்துக் குரங்குகளுக்கு விசேஷ வீடு எப்படித் தெரியுமோ தெரியாது. தேங்காய் மூடி ஒன்று கண்ணெதிரே மரமேறிப் போனது.

“ஏட்டி, நெல்லறையில பழத்தார் இருக்கு. ஓடிப்போய்க் கதவ அடச்சுட்டு வா!” என்று அம்மா கத்தினாள்.

ஓடினேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. நெல்லறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே கையளவில் இரண்டு காற்றுத் துளைகள் மட்டும். உள்ளே இருட்டு. நான் எட்டிப் பார்க்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தி, ஒற்றை விரலால் தாழ்ப்பாளைத் தள்ளினேன். ‘டக்’கென்று விழுந்தது. என் கைவேலைக்கு முதல்முதலாக ஒரு பிரயோஜனம் வந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பந்திக்கு இலை போடுகிற நேரத்தில்தான் அத்தையைக் காணவில்லை என்று தெரிந்தது. மாமா, தோப்பைப் பார்க்கப் போயிருப்பாள் என்றார். அம்மா, “மதினி வாய்க்கால் பக்கம் கால் நனைக்கப் போயிருப்பாவ” என்றாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்பாவைத் தவிர. அவர் செருப்புக்கூடப் போடாமல் நேராகக் கிணற்றுக்கு ஓடினார். கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து, தண்ணீரைப் பார்த்து, “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டார். கிணற்றுக்குள்ளிருந்து அவர் குரலே திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்த ஒரு பெரிய மனுஷியைக் கிணற்றுக்குள் ஏன் தேட வேண்டும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

தோப்புக்கும் வாய்க்காலுக்கும் ஆட்கள் போய்த் திரும்பினார்கள். இலையில் எல்லாம் வைத்தாயிற்று, பழம் மட்டும் வரவில்லை என்று யாரோ குரல் கொடுத்தார்கள். தாழ்ப்பாள் என் பொறுப்பு என்பதால் நானே ஓடினேன். அப்பா என் பின்னாலேயே வந்தார். ஏன் வந்தார் என்று தெரியவில்லை.

திறந்தேன். அத்தை உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகைச் சுவரில் சாய்க்காமல், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பட்டுச்சேலை கசங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவள் ஒருமுறைகூடக் கதவைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அடுக்களைக்குக் கேட்டிருக்கும்.

வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கி, என் தலைக்கு மேலே அப்பாவைப் பார்த்தாள்.

“ஏலே, கார் வந்துட்டா?” என்று கேட்டாள்.

“இல்ல அத்தை, கார் சாயந்தரம்தான் வரும்” என்று நான் சொன்னேன்.

அப்பா நின்ற இடத்திலேயே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. கல்லூரி விடுதிக்கு என்னைக் கொண்டுவிட வந்த அம்மா, பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அத்தை தென்காசியில் டைப் படிக்கப் போன இடத்தில் ஒருவரை விரும்பியிருக்கிறாள். செங்கோட்டைக்காரர். நம் ஆட்கள் இல்லை. தாத்தா அவளைக் கல்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நெல்லறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பதினொரு நாள். வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பத் தாழ்ப்பாளைப் போடுகிற வேலை பதினாலு வயதுத் தம்பிக்கு. வெளியே விட்டால் அக்கா கிணற்றில் விழுந்துவிடுவாள், அவளைக் காப்பாற்றத்தான் இது என்று அவனிடம் சொல்லியிருந்தார்களாம். முதல் இரண்டு நாள் அவள் கதவைத் தட்டினாள். தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதான். திறக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவள் தட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அவன்தான் போய்த் திறந்து, கல்யாணத்துக்குப் புளியங்குடி போக வாசலில் கார் வந்துவிட்டது என்று சொன்னான்.

மாமா நல்ல மனுஷர். அத்தை அவரோடு நன்றாகவே வாழ்ந்தாள். அதையும் அம்மா சொன்னாள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அத்தை எழுந்து சேலையை உதறிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்பா சாப்பிடவில்லை. ஆசாரியின் பையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார். ஆணி வராத இடத்தில் விரல்களால் பிடித்து இழுத்தார். கையில் ரத்தம் வந்தது. என்ஜினீயர் ஓடிவந்து, “சார், சார்” என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைப்பு போயிற்றே என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். இப்போது தங்க வருகிறவர்களில் சிலர் அந்தக் கதவில் இருக்கும் நான்கு ஓட்டைகளைப் பார்த்து, பூச்சி அரித்ததா என்று கேட்பதுண்டு.

சாயந்தரம் கார் வந்தது. எல்லோரும் வழியனுப்ப நின்றோம். அத்தையைத் தெரியாமல் அடைத்துவிட்ட குற்றத்துக்கு அதுவரை யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அத்தை காரில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கைநீட்டிக் கூப்பிட்டாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். விரல்களில் துணி சுற்றியிருந்தார்.

அத்தை என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். ஆனால் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசவில்லை. கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

“சின்னப் பிள்ள என்ன செய்யும்? அடைக்கச் சொன்னாவ, அடச்ச. ஒன்மேல ஒரு தப்பும் இல்ல. நான் அப்பவும் ஒண்ணும் நெனைக்கல. வெளங்குதா?”

“வெளங்குது அத்தை” என்றேன்.

அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டாள். கார் வரப்போரமாகத் திரும்பி, தென்னைகளுக்குப் பின்னால் மறைந்தது. அப்பா யாரிடமும் சொல்லாமல் வயலுக்குள் இறங்கி நடந்தார். மேற்கே மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முதுகு குலுங்குவது வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

நான் அம்மாவின் கையை இழுத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அத்தை என்னய மன்னிச்சுட்டாம்மா. பொறவு அப்பா எதுக்கு அழுவுதாங்க?” என்று கேட்டேன்.