சட்டைப் பையில் லாரிச் சாவி

அந்தச் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் ஏன் சொன்னேன்?

வாளையாரில் நான் பில் போடும் சிமெண்ட் கிடங்கில் மூட்டை ஏற்றும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். புருவத்தில்கூட சிமெண்ட் படிந்திருக்கும். எந்த லாரி வந்தாலும் டிரைவரிடம் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மூட்டையைத் தொடுவார்.

அன்று ஒரு டிரைவர் கத்தினான். "ஏனுங்க, நான் வண்டிய எடுத்துட்டு ஓடீருவனா?"

"நீங்க ஓட மாட்டீங்க, வண்டி ஓடீருமுங்க," என்று அவர் சிரித்தார்.

தகராறில் லோடு நிற்கிறதென்று மேனேஜர் என்னை முறைத்தார். பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவரப் போகும் அவசரம் எனக்கு.

"குடுத்துருங்கண்ணா."

"நீங்க சொன்னாச் செரிங்க அம்மிணி," என்று சாவியை டிரைவரிடம் கொடுத்தார்.

பாதி மூட்டை ஏறியபோது டிரைவர், போன் பேசிக்கொண்டே வண்டியை நகர்த்திவிட்டான். மேடைக்கும் லாரிக்கும் நடுவே போட்டிருந்த பலகை அவரோடு சரிந்து, அவருடைய கால் முறிந்தது.

'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிய தாளை மேனேஜர் என்னிடம் நீட்டுகிறார். சாட்சியாக நான் கையெழுத்திட வேண்டுமாம். யாருடைய கவனக்குறைவு? அவர் ஒருவர்தானே அங்கே கவனமாக இருந்தார்! உண்மையை எழுதினால் என் வேலை போகும். கையெழுத்திட்டால் அவருக்கு நஷ்டஈடு கிடைக்காது.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.