அண்ணியின் பதிலை வெட்டியவர்கள்

திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் நான் வேலை பார்த்த லாட்ஜின் துணி அறையில் ஒரு பழைய டிவி இருந்தது. மதியம் அறைகள் காலியாகி, படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் நேரத்தில் அண்ணி முதலில் செய்கிற வேலை, அந்த டிவியின் சத்தத்தை அடியோடு குறைப்பது. ஆட்கள் ஓடுவார்கள், விழுவார்கள், வாய் அசையும், சத்தம் இருக்காது. "இப்ப சிரிப்பு வருதா பாரு. வந்துச்சின்னா அது காமெடி. வரலன்னா மோளத்த அடிச்சி நம்மள ஏமாத்திக்கினு கீறான்னு அர்த்தம்" என்பாள். பிறகு விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டுவாள். இப்படி ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டே மூன்று வருடம் தமிழிலும் தெலுங்கிலும் வந்த அத்தனை நகைச்சுவைத் தொடர்களையும் பார்த்தோம்.

அண்ணன் மனைவி அவள். எங்கள் ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கம். அண்ணன் ஊரில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டான். நாங்கள் இருவரும் திருச்சானூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வருவோம். அண்ணிக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. சிரிப்பு வந்தால் புடவைத் தலைப்பு தானாக வாய்க்குப் போய்விடும். ஆனால் சிரிப்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசி கூட எந்த டிவிக்காரனுக்கும் தெரியாது. உறவு என்பதால் சொல்லவில்லை. அப்போது ஒரு தொடர் வந்தது. வாடகை வீட்டில் இருக்கிற கணவனும் மனைவியும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஓர் ஆட்டை வளர்ப்பார்கள். அவர் படியேறி வரும்போதெல்லாம் ஆடு கட்டிலடிக்கும் குளியலறைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு மட்டும் அண்ணி சத்தம் வைப்பாள். நூறு நாள் தாண்டியதும் ஆட்டை விற்றுவிட்டு, வீட்டுக்காரரின் குண்டு உடம்பைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். "ஆட்ட வித்துட்டான், முடிஞ்சிச்சி போ. மாட்டிக்குவாங்களோன்னு நமக்கு இருந்த பயம் போச்சி. இனிமே இன்னாத்துக்கு சிரிக்கறது?" என்றாள். அடுத்த மாதமே தொடரை நிறுத்திவிட்டார்கள்.

அவளிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. ஒருத்தனைக் கேலி செய்தால் அவன் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லவிட்டால் காமெடி, சொல்லவிடாமல் வாயை அடைத்தால் அது தெருச்சண்டை. கறுப்பாக இருக்கிறவளைக் கறுப்பி என்று சொல்லிவிட்டுப் பின்னால் நூறு பேர் சிரிக்கிற சத்தத்தை ஓடவிடுவதைப் பார்த்தால் அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வரும். "அந்தப் பொண்ணுக்கு வாயே இல்லியா? எழுதனவன் வாய் மட்டும் தான் பேசுமா?" என்று டிவியைப் பார்த்துத் திட்டுவாள். துணி அறைப் பெண்கள் அதைக் கேட்டுத்தான் அதிகம் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவளை அந்த நிகழ்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏதோ ஒரு தெலுங்கு சேனல் காமெடி நிகழ்ச்சி எடுக்கிறது, உட்கார்ந்து பார்க்கப் பெண்கள் வேண்டும், பஸ் அனுப்புவார்கள், சாப்பாடு உண்டு, பளிச்சென்று புடவை கட்டி வர வேண்டும் என்று லாட்ஜுக்கு வந்த புரோக்கர் சொன்னார். அண்ணி வரமாட்டேன் என்றாள். டிவியில் நம் முகம் வரும் என்று ஆசை காட்டி, கெஞ்சி, மாம்பழ நிறப் புடவையைக் கட்டவைத்துக் கூட்டிப்போனேன்.

அங்கே எப்படி வேலை நடக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். மேடையில் யாரும் ஏறுவதற்கு முன்பே எங்களைப் படம் பிடித்தார்கள். ஒருவர் மைக்கோடு வந்து, "நவ்வண்டம்மா, நவ்வண்டி!" என்று சிரிக்கச் சொல்லிக் கத்தினார். எதிரே வெறும் மேடை. லேசாகச் சிரிக்கச் சொன்னார், கை தட்டிச் சிரிக்கச் சொன்னார், பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்து சிரிக்கச் சொன்னார். இருநூறு பெண்களும் சிரித்தோம். அண்ணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணுமே இல்லாத சிரிச்சா பைத்தியம்னு சொல்லுவாங்கடி" என்றாள் என்னிடம்.

அது எப்படியோ நிகழ்ச்சி நடத்துகிறவன் காதுக்குப் போயிருக்கிறது. பாதி நிகழ்ச்சியில் மேடையை விட்டு இறங்கி நேராக எங்கள் வரிசைக்கு வந்தான். மைக்கை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏம்மா, பல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாயா?" என்று தெலுங்கில் கேட்டான். அண்ணியின் கை தலைப்புக்குப் போகவில்லை. பதறாமல் தெலுங்கிலேயே சொன்னாள். "சிரிக்கத்தான் சார் வந்தோம். பஸ் அனுப்பினீங்க, வந்துடுச்சு. சாப்பாடு சொன்னீங்க, வந்துடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஜோக்குதான் இன்னும் வரல."

மண்டபம் வெடித்தது. யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. கேமராக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டார். நடத்துகிறவனே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மேடைக்கு ஓடினான். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ் முழுக்க அதே பேச்சு. அண்ணி வாயைப் பொத்தாமல் சிரித்துக்கொண்டு வந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரில் எங்கள் டிவியைத் தூக்கி வாசலில் மேஜைமேல் வைத்தேன். தெருவையே கூப்பிட்டேன். அண்ணி என்ன சொன்னாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர்களே பார்த்து அசந்துபோகட்டும் என்று அடக்கிவைத்திருந்தேன். நான் செய்த மடத்தனங்களில் பெரியது அதுதான். நேரம் வந்தது. அவன் வந்தான், மைக்கை நீட்டினான், கேட்டான். அண்ணி பதில் சொல்ல வாய் திறந்தாள். அப்படியே படத்தை நிறுத்திவிட்டார்கள். பல் இல்லாத இடத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்கள். டொய்ங் என்று ஒரு சத்தம். பிறகு மண்டபம் சிரித்தது, அவளுடைய பதிலுக்கு வெடித்த அதே சிரிப்பு. பதிலை வெட்டி எறிந்துவிட்டு, அதற்குக் கிடைத்த சிரிப்பைத் தூக்கி அவன் கேள்விக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் எல்லோரையும் விடத் தெளிவாகத் தெரிந்தது, வாய் பிளந்து சிரிக்கிற என் முகம்.

தெருவும் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "கூடவே கூட்டினு போயி, அவன் கேட்டதுக்கு நீயும் இளிச்சிக்கினு இருந்தியா?" என்றான். இல்லை, அண்ணி பதில் சொன்னாள், அதற்குத்தான் சிரித்தேன் என்று அந்த வரியைச் சொன்னேன். அழுகையோடு சேர்ந்து பாதிதான் வெளியே வந்தது. "அது டிவில வரலியே?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். அண்ணி எழுந்து உள்ளே போனாள். மறுநாள் என்னிடம், "நீ எதுக்கு சிரிச்சன்னு எனக்குத் தெரியும்டி. ஊருக்குத் தெரியாது இல்ல" என்றாள். அந்த வாரமே அண்ணன் அவளை லாட்ஜ் வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தால் போதும், பல் வீட்டில் இருக்கிறதா என்று கேட்பார்கள். திருப்பிப் பேசுவதில் ஊரிலேயே பெரிய ஆள், குடத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள். அந்த நிகழ்ச்சி இன்னும் ஓடுகிறது. வெற்றி நிகழ்ச்சியாம். அண்ணியின் கணக்குப்படி அன்று மண்டபத்தில் ஒரே ஒரு ஜோக்தான் வெற்றி. அதை உள்ளே இருந்த எவனோ ஒருவன் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் வெட்டியிருப்பான். நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

இப்போது நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கம்பெனி பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெண் செல்போனைப் பார்த்துச் சிரித்துப் பக்கத்தில் இருந்தவளுக்கும் காட்டினாள். எட்டிப் பார்த்தேன். மாம்பழ நிறப் புடவை, திறந்த வாய், டொய்ங். 'திங்கட்கிழமை காலையில் நான்' என்று கீழே எழுதி யாரோ மீம் ஆக்கியிருந்தார்கள். "அது எங்க அண்ணி" என்றேன். இருவரும் திரும்பினார்கள். நடந்தது முழுவதையும் சொன்னேன். அண்ணியின் பதிலை அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தித்தான் சொன்னேன். ஆனால் கோபத்தில், சண்டைக்குப் போகிறவள் மாதிரி சொன்னேன். "சாரிக்கா, தெரியாது. டெலீட் பண்ணிடறேன்" என்றாள் ஒருத்தி. "பாவம்க்கா அவங்க" என்றாள் மற்றவள்.

பாவமாம். ஒரு மண்டபத்தையே சிரிக்கவைத்தவள் பாவமாம். "அவங்க ஒண்ணும் பாவம் இல்ல. அது ஜோக்கு. சிரிங்க" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பயந்துகொண்டே சிரித்தார்கள்.