நான் போட்ட பூஜ்யங்கள்

மாட்டுங்காவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் அப்பா பகல்நேர வாட்ச்மேன். அவருடைய இதயத் துடிப்பு தாளம் தப்பி ஓடியது. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, மின் அதிர்ச்சி வைத்துச் சீராக்கினார்கள். அடுத்த வாரம் போனபோது நர்ஸ் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருமாம். யாருக்குத் தூக்கப் பரிசோதனை வேண்டும் என்று முடிவு செய்யத்தான் அந்தத் தாள்.

“எம் மவன் எழுதுவான். காலேஜ் முடிச்சிருக்கான்” என்றார் அப்பா, நர்சுக்குப் புரியாத தமிழில். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

பகலில் உட்கார்ந்தால் கண் அயருமா என்று ஆரம்பித்து எட்டுக் கேள்விகள். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். வாசித்துத் தமிழில் சொன்னேன்.

“அதெல்லாம் இல்லன்னு போடு.”

“ஒக்காந்தாலே சொக்கி விழுதீகளே” என்றாள் கூட வந்திருந்த அம்மா.

“நீ சும்மா இரிட்டி. வாட்ச்மேன் தூங்குதான்னு இங்கிலீசுல எழுதிக் குடுக்கச் சொல்லுதியா? கட்டடத்து சொசைட்டிக்காரன் பாத்தா நாளைக்கே வேற ஆளப் போட்டுருவான்.”

தாள் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகாது என்றேன்.

“எல்லாம் ஒரே கம்ப்யூட்டருதாம்ல.”

அந்த எட்டுக்கும் கீழே தனியாக ஒரு கேள்வி, குறட்டையும் மூச்சு நிற்பதும் உண்டா என்று. தாராவியில் எங்கள் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு தகரம்தான். “ஒங்கப்பா பாண்டுப் வரைக்கும் ரயிலு ஓட்டிட்டு வந்துட்டாருடே” என்று அந்த வீட்டு அத்தை குழாயடியில் கிண்டல் செய்யாத நாளில்லை. அம்மா தயங்கி, “மூச்சு அப்படியே நின்னு போவுது. தோளப் புடிச்சு உலுக்குனாத்தான் வருது” என்றாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

இல்லை என்று எழுதினேன். மேலே இருந்த எட்டுக்கும் பூஜ்யம். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மாத்திரை மட்டும் எழுதினார்.

இரண்டு மாதத்தில் துடிப்பு மறுபடி தப்பியது. இரண்டாவது அதிர்ச்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் காலில் நீர் கோத்து, கேட்டைத் தள்ளித் திறக்க முடியாமல் வேலையும் போயிற்று.

செம்பூரில் பார்த்த வேறொரு டாக்டர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. விரலில் ஒரு கவ்வி, மூக்கடியில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை. கட்டிக்கொண்டு வீட்டில் தூங்கச் சொன்னார். மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நின்றிருந்தது. தூங்கும்போது மூச்சு நிற்காமல் காற்றுத் தள்ளும் முகமூடி மெஷின் எழுதிக் கொடுத்தார். ஆனால் இதயம் ரொம்ப விரிந்துவிட்டது, பழைய தாளத்துக்கு இனித் திரும்புவது கஷ்டம் என்றார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். இந்த நோய் உள்ள பலருக்குப் பகலில் தூக்கமே வராது, அதனால் கேள்விகளை மட்டும் நம்பக் கூடாது, உன் தப்பில்லை என்று இந்தியில் ஆறுதல் சொன்னார். என் அப்பாவுக்குத் தூக்கம் வந்தது. மதியச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில், நாற்காலி இருந்தும் உட்காராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது பகலிலும் படுத்தே இருக்கிறார். பார்க்க வருகிறவர்களிடம் மெஷினைக் காட்டி, “எம் மவன் படிச்சதுனாலதான் இத கண்டுபுடிக்க முடிஞ்சுது. இல்லன்னா எப்பவோ போயிருப்பேன்” என்கிறார்.

நான் மறுத்ததில்லை. அம்மாவும் மறுத்ததில்லை. வந்தவர்களுக்கு டீ போட எழுந்து போகிறாள்.