கறுவாவை வளர்த்த புவனா அக்கா

சாவகச்சேரிப் பக்கம் ஒரு வளவில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. அரியாலையிலிருந்து சுபா, புவனா அக்காவின் தங்கையின் மகள். "டொக்டர், பெரியம்மா விடிய மோசம் போயிட்டா," என்றாள். முதல்நாள் பின்னேரமும் முற்றம் கூட்டியவராம். காலையில் தேத்தண்ணியோடு எழுப்பப் போனபோது மூச்சில்லை. பசுவின் கயிற்றைப் பிடித்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் டொக்டர்?" என்று கேட்டார். "புவனா அக்கா," என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. "அரியாலையிலை குதிரை வைச்சிருந்தவ," என்றதும், "ஓ, அந்த அம்மாவோ!" என்று தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் அவரை அப்படித்தான் தெரிந்திருக்கும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், காணிப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கலியாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற இரண்டொருவர், கட்டி வைக்க இடமில்லாமல் அவருடைய பின்வளவைக் கேட்டு வந்தார்கள். கொட்டில் போட்டுக் கொடுத்தார். ஓய்வு பெற்ற மனுசிக்கு இது என்ன வேலை என்று அயலில் சிரித்தார்கள். நானும் ஒரு நாள் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

நான் முதன்முதலில் அங்கே போனது குதிரை ஒன்றுக்கு ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசி போட. ஊசியைப் போட்டுவிட்டுப் பையைப் பூட்டப் போனேன். அக்கா படலையடியில் நின்று மறித்தார். "மருந்துப் போத்திலிலை இருக்கிற இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வையுங்கோ டொக்டர். நாளைக்கு நீங்கள் மாற்றலாகிப் போனால், வாற டொக்டர் குதிரையிட்டையே கேக்கிறது?" எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. எழுதினேன். அடுத்த தடவை போகும்போது, அவர் கேட்க முதலே எழுதினேன்.

அவரிடம் குதிரை விட வருபவர்கள் இலேசில் விட்டுவிட்டுப் போக முடியாது. யாருடைய பெயரில் இருக்கிறது, யார் வந்து கேட்டால் வெளியே விடலாம், என்ன தீனி, என்ன வருத்தம் வந்தது, எல்லாம் எழுத வேண்டும். வல்வெட்டித்துறைக் குகன் நுவரெலியாப் பக்கமிருந்து, பந்தயம் ஓடி ஓய்ந்த பெண்குதிரை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து விட்ட அன்று நானும் அங்கே நின்றேன். அக்கா ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்ட பதிவுப் பத்திரத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர். கறுவாப்பட்டை மாதிரியான நிறத்தைப் பார்த்து அக்கா "கறுவா" என்று கூப்பிட்டார். அது காதைத் திருப்பியது. பிறகு குகனிடம் கேட்டார்: "தம்பி, உன்னோடை கதைக்க ஏலாத நேரம் இதுக்கு வருத்தம் கடுமையாய் வந்தா, கருணைக்கொலை செய்யிறதோ விடுறதோ எண்டு ஆர் முடிவெடுக்கிறது?"

"அப்பிடி ஒண்டும் வராது அக்கா."

"வராட்டில் நல்லம். வந்தால்?"

குகன் கறுவாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நீங்களே எடுங்கோ," என்று எழுதிக் கொடுத்தான்.

அடுத்த வருசமே அவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். குதிரை அக்காவோடு தங்கியது. மற்றக் குதிரைகள் வந்தன, போயின. கறுவா மட்டும் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் கொட்டிலுக்குள் இருந்து கனைக்கும். ஒரு நாள் குகன் வெளிநாட்டிலிருந்து கதைத்தான். அக்கா தொலைபேசியை எனக்கும் கேட்கிற மாதிரிப் பிடித்தார். "நான் எப்ப வருவன் எண்டு தெரியாது. கறுவா இனி உங்கடைதான் அக்கா."

"சந்தோசம் தம்பி. அதை ஒருக்கால் எழுதி அனுப்பிவிடு. பேர் மாத்த வேணும்."

"ஓம் அக்கா, அனுப்பிறன்," என்றான். அனுப்பவில்லை. இரண்டு மூன்று தடவை அக்கா நினைவுபடுத்தினார். பிறகு விட்டுவிட்டார். அவன் சொன்னது காணாதா என்று நான் கேட்டேன். "அவன் சொன்னதை நான் நம்புறன். ஆனால் பேர் மாறேல்லையே டொக்டர்," என்றார்.

போன வருசம் குகன் திரும்பி வந்தான். அவன் கட்டத் தொடங்கிய வீடு காசில்லாமல் பாதியில் நின்றது. தெற்கே கடற்கரை விடுதி ஒன்று குதிரை தேடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதிவுப் பத்திரம் இல்லாமல் அவர்கள் வாங்கமாட்டார்கள். அவனுடைய பிரதி வீடு மாறியதில் தொலைந்துபோயிருந்தது. சுகாதாரச் சான்றிதழுக்காக என்னையும் கூட்டிக்கொண்டு அரியாலைக்கு வந்தான். தொலைபேசியில் சொன்னதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டானோ, மறந்த மாதிரி இருந்தானோ, எனக்குத் தெரியாது.

"அக்கா, உங்களிட்டைப் பத்திரம் இருக்குமோ? இல்லாட்டில் இந்த விசயத்தை விட வேண்டியதுதான்."

அக்கா கொட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போனார். நான் பின்னாலேயே போய், "அக்கா, அவன் குதிரையை உங்களுக்குத் தந்தது எனக்குத் தெரியும். நான் சாட்சி சொல்லுவன். பத்திரம் இல்லையெண்டு சொல்லுங்கோ," என்றேன். அலுமாரியைத் திறந்தபடியே சொன்னார்: "கந்தோரிலை இருக்கேக்கை, இல்லாத காணி உறுதியை இருக்கெண்டு எழுதச் சொல்லி எத்தினை பேர் வந்து நிண்டவை. நான் ஒருத்தருக்கும் எழுதேல்லை. இருக்கிறதை இல்லையெண்டு சொன்னாலும் அதுதானே டொக்டர்."

பத்திரத்தைக் கொண்டுவந்து குகனிடம் கொடுத்தார். தடுப்பூசி விபரம், பல் பார்த்தது, குளம்பு வெட்டியது எல்லாம் சேர்த்தே கொடுத்தார். நான் கறுவாவைப் பரிசோதித்தேன். ஒரு குறையும் இல்லை. அந்தப் படிவத்தில் குதிரையின் சுகத்தைப் பற்றி எழுத இடம் இருந்தது. வளர்த்தவரைப் பற்றி எழுத இடம் இல்லை. கையெழுத்து வைத்தேன்.

லொறி வந்த அன்று கறுவா ஏற மறுத்தது. சாரதியும் குகனும் இழுத்துப் பார்த்துக் களைத்தார்கள். கடைசியில் அக்காவே கயிற்றை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார். குதிரை அவருக்குப் பின்னால் பேசாமல் ஏறியது. கட்டிவிட்டு இறங்கி, ஒரு தாளைச் சாரதியிடம் கொடுத்தார். கொள்ளு ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும், வெடிச் சத்தத்துக்குப் பயப்படும், வருத்தம் வந்தால் தயவுசெய்து அறிவிக்கவும் என்று எழுதி, கீழே தன் இலக்கத்தைப் போட்டிருந்தார். ஒருவரும் அறிவிக்கவில்லை. சில மாதத்தில் அந்த விடுதியே கைமாறிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். இன்னொரு குதிரை எடுப்போமா என்று கேட்டேன். "வேண்டாம் டொக்டர். இனி மனம் வராது," என்றார்.

செத்தவீட்டில் குகனும் நின்றான். என்னைக் கண்டதும் பந்தலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனான். கண் சிவந்திருந்தது.

"டொக்டர், பத்திரம் இல்லையெண்டு அக்கா சொல்லியிருந்தா நான் பேசாமல் போயிருப்பன். குதிரையைத் தா எண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அதிலையே எழுதிக் குடுத்திருப்பன்."

"அவ கேட்டவ தம்பி," என்றேன். "எழுதி அனுப்பு எண்டு கேட்டவ."

பறை தொடங்கியது. இருவரும் உள்ளே போனோம்.

அக்காவிடமிருந்து எனக்கென்று ஒரு காட்சி மிஞ்சியிருக்கிறது. லொறி போய் ஒரு கிழமை இருக்கும். வேலைக்குப் போகிற வழியில் அரியாலைக் கடலேரிக் கரையில் அவரைக் கண்டேன். கறுவாவை நடத்திக்கொண்டு போகிற அதே நேரம், அதே வழி. தனியாக நடந்துகொண்டிருந்தார். இரண்டு பேர் நடக்கிற அளவுக்கு வழியில் இடம் விட்டு, ஓரமாக நடந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கூடக் கொஞ்சத் தூரம் நடந்திருக்கலாம். கையை மட்டும் காட்டிவிட்டுப் போனேன். அவரும் கையைக் காட்டினார்.